8 அங்குல சப்வூஃபரை மாற்றுவதா, சோபாவை நகர்த்துவதா?

பதிவு 1 – அழகாபுரம்_ரசிகன்

அனைவருக்கும் வணக்கம். சேலம் அழகாபுரத்தில் முதல் மாடியில் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். மேலே கான்கிரீட் தளம், நான்கு பக்கமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கீழே மொசைக் தரை. கதவு ஒன்று, சன்னல் ஒன்று. ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டெனான் ரிசீவர் (படத்தின் ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), ஐந்து அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள 8 அங்குல 100 வாட் சப்வூஃபர் ஆகியவை இருக்கின்றன. சப்வூஃபரின் முன்பக்கம் காற்றுத் துளை உண்டு.

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வரவில்லை என்பது என் குறையன்று. வேண்டிய மட்டும் வருகிறது. ஆனால் வெடி வெடித்தாலும், கார் கதவைச் சாத்தினாலும், பாட்டில் பேஸ் கிடார் வந்தாலும் எல்லாம் ஒரே சுருதியில் 'தொம் தொம்' என்றே கேட்கிறது. ஆடிப் பண்டிகையின்போது கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் பம்பைக்காரர்களுக்கு அருகில் நின்றால் அடிவயிற்றில் ஒன்று வந்து இறங்குமே, அது இந்த அறையில் ஒரு நாளும் இறங்கியதில்லை. அதோடு, படம் ஓடாதபோதும் சப்வூஃபரிலிருந்து 'உர்' என்ற மெல்லிய இரைச்சல் விடாமல் வருகிறது.

கடைக்காரர் 12 அங்குலம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். முன்பு ஒரு கடையில் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் போட்டிருந்த பிஎம்பிஓ வாட் கணக்கை (ஒரு கண உச்சத்தை ஊதிக் காட்டும் எண்) நம்பிப் பணத்தைக் கொட்டி, வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் தொடர்ந்து தரும் திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ் கணக்கில் அது 40 வாட்கூடத் தேறாது என்று தெரிந்து நொந்துபோனவன் நான். ஆகவே இந்த முறை கேட்டுவிட்டு வாங்கலாம் என்றிருக்கிறேன். அறுபதாயிரம் ரூபாய் வரை செலவிட முடியும்.

பதிவு 2 – நாற்பது_ஹெர்ட்ஸ்

வாங்குவதைப் பிறகு பேசுவோம். சப்வூஃபர் எங்கே இருக்கிறது, நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்பதைச் சுவரிலிருந்து அடிக்கணக்கில் சொல்லுங்கள்.

பதிவு 3 – அழகாபுரம்_ரசிகன்

சப்வூஃபர் டிவிக்கு இடப்பக்க மூலையில் இருக்கிறது. சோபா டிவி சுவரிலிருந்து சரியாக எட்டு அடியில், அறையின் நட்டநடுவில் கிடக்கிறது. பின்னால் பீரோவும் இஸ்திரி மேசையும் இருப்பதால் அதற்குப் பின்னே தள்ளவில்லை.

பதிவு 4 – நாற்பது_ஹெர்ட்ஸ்

நினைத்தது சரியாகப் போயிற்று. உங்கள் வியாதிக்குப் பாதிக் காரணம் அந்த எட்டு அடிதான்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 16 அடி என்பது ஏறத்தாழ 4.9 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அரை அலைநீளம் கச்சிதமாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை தானாகவே ஒத்ததிரும், அதாவது அந்த ஒலியைத் தானே பெருக்கும். 343-ஐ 4.9-இன் இரட்டிப்பால் வகுத்தால் அது 35 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 35 அதிர்வு) என்று வருகிறது. இந்த அதிர்வு இரு முனைச் சுவர்களிலும் உச்சத்தில் இருக்கும். நட்டநடுவில், அதாவது உங்கள் சோபாவில், கிட்டத்தட்ட அற்றே போய்விடும். அடுத்த ஒத்ததிர்வு இதன் இரட்டிப்பான 70 ஹெர்ட்ஸ். அதற்கு நேர்மாறாக நடு அறையில் உச்சம். ஆக, ஆழமான 35-ஐ விழுங்கிவிட்டு, தொண்டை கட்டியது போன்ற 70-ஐ மட்டும் ஊதிப் பெருக்கித் தருகிற இடத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாம் ஒரே சுருதியில் 'தொம்' என்பது அந்த 70 தான். சப்வூஃபரை மூலையில் வைத்ததால் அறையின் ஒத்ததிர்வுகள் அனைத்தும் முழு வேகத்தில் தூண்டப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோபாவை இரண்டரை அடி பின்னே தள்ளி, அறை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். அங்கே 35-உம் 70-உம் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். பீரோவுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் அதைப் பேசி முடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

இன்னொன்றையும் பாருங்கள். ரிசீவரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று வைத்து, தாழ்ந்த ஒலியை சப்வூஃபருக்குப் பிரித்தனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸாகக் கொடுத்துவிட்டு, சப்வூஃபரின் முதுகில் உள்ள கிராஸ்ஓவர் திருகையும் 80-இல் வைப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு. ஒரே வேலையை இருவர் செய்தால் 80-ஐ ஒட்டிய பகுதி குழியாகிவிடும். படத்தில் தாழ்ந்த ஒலிக்கென்றே தனியாக உள்ள எல்எஃப்இ தடத்தில் 120 ஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்கக்கூடும் என்பதால், திருகை உச்சத்துக்கோ 'எல்எஃப்இ' என்று எழுதியிருக்கும் இடத்துக்கோ கொண்டுபோய் விட்டுவிட்டு, வடிகட்டும் வேலையை ரிசீவரிடமே ஒப்படையுங்கள்.

பதிவு 5 – கொண்டலாம்பட்டி_தறிக்காரன்

மேலே சொன்ன கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சோபாவைக் கொல்லைப்புறத்துக்கே தள்ளினாலும் 8 அங்குலம் 8 அங்குலம்தான் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

தாழ்ந்த ஒலி என்பது நகர்த்தப்படும் காற்றின் அளவு. ஒரே சத்தத்தை ஒரு ஸ்தாயி (அதிர்வெண்ணில் பாதி) கீழே இறங்கித் தர வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 50 ஹெர்ட்ஸில் ஸ்பீக்கரின் ஆடும் கூம்பான கோன் இரண்டு மில்லிமீட்டர் ஆடினால் போதும் என்றால், அதே சத்தத்துக்கு 25 ஹெர்ட்ஸில் எட்டு மில்லிமீட்டர் ஆட வேண்டும். சாதாரண 8 அங்குலக் கோனுக்கு அது உயிர் போகும் வேலை. 12 அங்குலக் கோனின் பரப்பு 8 அங்குலத்தைப் போல் இரண்டேகால் மடங்கு. ஆட்டம் குறைவாக இருந்தாலே காற்று நகர்ந்துவிடும். வாட்டைக் கூட்டி இதை ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஏனெனில் ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல், காதுக்குச் சிறிதளவே கூடிய சத்தம்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். எங்கள் வீட்டை ஒட்டி இருபது விசைத்தறிகள் பகலெல்லாம் ஓடும். அந்த இரைச்சலுக்குப் பழகிய காது என்பதால், பழைய சப்வூஃபரின் குரல் எனக்கு எடுபடவே இல்லை என்று நினைத்திருந்தேன். மின்தடை அறிவித்த ஒரு நாள் தறிகள் நின்றுவிட, ரிசீவரை இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான், எடுபடாதது என் காதில் அல்ல, பெட்டியிலேயே ஒன்றும் இல்லை என்பது விளங்கியது.

பதிவு 6 – மலைவாசி_ஏற்காடு

12 அங்குலம் என்பதோடு பேச்சு முடியவில்லை. சீல் செய்த பெட்டியா, துளையுள்ள போர்ட்டட் பெட்டியா என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். இதில் சேலத்துக்கும் எங்கள் மலைக்கும் பதில் வேறு என்பது என் அனுபவம்.

சீல் செய்த பெட்டியில், ஒரு எல்லைக்குக் கீழே ஒலி ஸ்தாயிக்கு 12 டெசிபெல் வீதம் மெதுவாகச் சரியும். போர்ட்டட் பெட்டி துளையின் சுருதி வரை தெம்பாகப் பாடிவிட்டு, அதற்குக் கீழே 24 டெசிபெல் வீதம் செங்குத்தாக விழுந்துவிடும். அந்தப் பகுதியில் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தமும் இருக்காது. கடை விளம்பரத்தில் போர்ட்டட் பெட்டிதான் கீழே போகிறது என்று தோன்றும். ஆனால் பெட்டி கடையில் பாடுவதில்லை, உங்கள் அறையில் பாடுகிறது. 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை விரிய உங்கள் அறையில் இடம் இல்லாததால், அறைக் காற்று முழுவதும் சைக்கிள் பம்புக்குள் இருப்பதுபோல் ஒன்றாக அழுந்தி ஒன்றாகத் தளரும். சீல் செய்த பெட்டி சரியத் தொடங்கும் இடத்தில் அறை கைகொடுத்துத் தூக்கிவிடும். கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் ஒரே கதவும் இருக்கும் அறைக்கு இது பெரும் கொடுப்பினை.

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. பலகை மச்சு, மேலே ஓடு, மூன்று பக்கமும் பெரிய சன்னல்கள். கீழ் ஒலி முழுவதும் ஓட்டின் இடுக்கு வழியே காப்பித் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. சில்வர் ஓக் மரங்கள்தான் கேட்கின்றன. இங்கே சீல் செய்த 12 அங்குலத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஆறு மாதத்தில் அதை விற்று, துளையுள்ள பெரிய பெட்டிக்கு மாறினேன். எஸ்விஎஸ் நிறுவனம் 12 அங்குலத்தில் எஸ்பி-1000 புரோ என்று சீல் செய்த பெட்டியும் பிபி-1000 புரோ என்று போர்ட்டட் பெட்டியும் தருகிறது. இரண்டிலும் 325 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப்ளிஃபயர்தான். அழகாபுரத்துக்கு முதலாவது, ஏற்காட்டுக்கு இரண்டாவது என்பேன். க்ளிப்ஷ் ஆர்-120எஸ்டபிள்யூ போன்றவை விலையில் இன்னும் எளியவை, ஆனால் அவை 29 ஹெர்ட்ஸோடு நின்றுகொள்ளும்.

பதிவு 7 – ஆலை_ஓய்வாளர்

தம்பி, எல்லோரும் ஆழத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நீ முதலில் சொன்ன 'உர்' இரைச்சலை யாரும் கவனிக்கவில்லை. உருக்காலையில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பெட்டி வாங்கினால் அது இன்னும் உரக்க உறுமும்.

அது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலாகவோ அதன் இரட்டிப்பாகவோ இருக்கும். செட்டாப் பாக்ஸின் பின்னால் மாட்டியிருக்கும் கேபிள் டிவி வயரை ஒரு முறை கழற்றிப் பார். இரைச்சல் நின்றுவிட்டால் கள்ளன் அகப்பட்டான்: அந்த வயரின் உறை வேறொரு எர்த்தோடு தொடர்பு வைத்திருக்கிறது, உன் ரிசீவர் இன்னொரு எர்த்தோடு, இரண்டுக்கும் இடையே ஓடும் சிறு மின்னோட்டத்தை சப்வூஃபர் பாடிக் காட்டுகிறது. கேபிள் வயரில் அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் தீரும். அது காரணமில்லை என்றால், சப்வூஃபரையும் ரிசீவரையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் மாட்டிப் பார். சிலர் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யோசனை சொல்வார்கள். நிற்கத்தான் செய்யும், பெட்டியின் உலோகப் பகுதியில் ஒரு நாள் மின்சாரம் ஏறினால் ஆளும் நின்றுபோவான். அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

பதிவு 8 – அழகாபுரம்_ரசிகன்

ஐயா சொன்னபடி கேபிள் வயரைப் பிடுங்கிய மறுநொடியே அறை நிசப்தமாகிவிட்டது. ஐந்து ஆண்டுகளாக அந்த இரைச்சலை சப்வூஃபரின் பிறவிக் குணம் என்றல்லவா எண்ணிக்கொண்டிருந்தேன்! மிக்க நன்றி.

அடுத்து, சப்வூஃபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, நாம் தரையோடு தவழ்ந்து சென்று எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே அதை வைப்பது என்ற முறையை எங்கோ படித்திருந்தேன். நேற்று இரவு அதைச் செய்து பார்த்தேன். பீரோவை இரண்டு பேர் சேர்ந்து பக்கத்து அறைக்கு நகர்த்தி, சோபாவைப் பத்தரை அடிக்குத் தள்ளி, அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டுச் சப்வூஃபரை ஏற்றினேன். 30-லிருந்து 80 வரை ஐந்தைந்து ஹெர்ட்ஸாக ஏறும் சோதனை ஒலிகளை ஓடவிட்டு, முழங்காலுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு மொசைக் தரையில் சுவரோரமாகத் தவழத் தொடங்கினேன். அம்மா வாசலில் நின்று "என்னடா தொலைந்துபோச்சு, தோடா?" என்று கேட்டார்கள்.

பழைய மூலையில் காதை வைத்தால் 70 ஹெர்ட்ஸ் மண்டையைப் பிளந்தது. இடப்பக்கச் சுவரோரமாக ஒரு அடி, இரண்டு அடி என்று நகர நகர அது தணிந்துகொண்டே வந்து, டிவி சுவரிலிருந்து நான்கு அடி தொட்டதும் யாரோ குரல்வளையைப் பிடித்ததுபோல் அடங்கிவிட்டது. மற்ற ஒலிகள் அங்கே ஓரளவு சமமாகவே இருந்தன. ஆனால் 40-லும் 45-லும் 'கிணு கிணு' என்று ஒரு சத்தம் கூடவே வந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பயந்துபோய், ஒலியை ஓடவிட்டு அறை முழுவதும் கையால் தொட்டுத் தொட்டுத் தேடினேன். கடைசியில் பரணில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் அண்டாவும் அதன் மேல் இருந்த மூடியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. இடையில் பழைய வேட்டியை மடித்துச் செருகியதும் சத்தம் நின்றது.

அந்த நான்கு அடிக்கு ஏதேனும் காரணம் உண்டா, அல்லது குருட்டு அதிர்ஷ்டமா?

பதிவு 9 – நாற்பது_ஹெர்ட்ஸ்

அதிர்ஷ்டமில்லை, 16-இல் கால் பங்கு நான்கு. 70 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு அற்றுப்போகும் இடங்கள் அறை நீளத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் இருக்கின்றன. அற்றுப்போகும் இடத்தில் சப்வூஃபரை வைத்தால் அந்த ஒத்ததிர்வை அதனால் தூண்ட முடியாது. ஊஞ்சல் கம்பியை அது தொங்கும் கொக்கியின் அருகே பிடித்துத் தள்ளுவது போன்றது. நீங்கள் தவழ்ந்து கண்டுபிடித்ததைத்தான் கணக்கும் சொல்கிறது.

ரிசீவரின் ஆடிஸி அளவீட்டை (மைக் வைத்து அறையின் ஒலியை அளந்து தானே சரிசெய்யும் வசதி) இப்போது புதிதாக ஓட்டுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: துருத்திக்கொண்டிருக்கும் ஒலியை, அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் தட்டிச் சமப்படுத்தும், குழியை அதனால் நிரப்ப முடியாது. நேர் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிப்பதால் உண்டாவதுதான் குழி என்பதால், நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் அழிப்பதும் அதே அளவு கூடும். எவ்வளவு குழி என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் மினிடிஎஸ்பி யுமிக்-1 போன்ற யுஎஸ்பி மைக் ஒன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஆர்ஈடபிள்யூ மென்பொருளும் போதும். கைப்பேசிச் செயலிகளை இதற்கு நம்ப வேண்டாம். பல கைப்பேசிகளின் மைக் பேச்சுக்கென அமைந்தது, தாழ்ந்த ஒலியை அது வெட்டிவிடும்.

பதிவு 10 – குகை_இசைப்பிரியன்

குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும். கார் ஆடியோ வேலை செய்யும் நண்பர் ஒருவர் 12 அங்குலக் கார் சப்வூஃபரை எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) பெட்டியில் மாட்டி, ஆம்ப்ளிஃபயரோடு பாதி விலையில் முடித்துத் தருகிறேன் என்கிறார். வீட்டுக்கு அது சரிப்படுமா?

பதிவு 11 – மலைவாசி_ஏற்காடு

காருக்குள் இருக்கும் இடம் மிகச் சிறியது. நான் முன்பு சொன்ன சைக்கிள் பம்பு வித்தை அங்கே இன்னும் மேலேயே தொடங்கிவிடுவதால், கார் சப்வூஃபரையும் அதன் பெட்டியையும் அந்த உதவியை எதிர்பார்த்தே அமைக்கிறார்கள். அதே பெட்டியை வீட்டுக் கூடத்தில் வைத்தால் 50 ஹெர்ட்ஸில் முரட்டுத்தனமாக உதைத்துவிட்டுக் கீழே ஒன்றுமில்லாமல் நிற்கும். கோனை மட்டும் வாங்கி, வீட்டுக்கேற்ற அளவில் பெட்டியைக் கணக்குப் போட்டுக் கட்டத் தெரிந்தால் வேறு விஷயம். மலையில் கட்டுவதானால் எம்டிஎஃப் வேண்டாம். ஐப்பசி மூடுபனியில் என் முதல் பெட்டியின் அடிப்பாகம் நனைந்த ரொட்டிபோல் உப்பிப்போனது. மரைன் பிளைவுட்தான் தாங்கியது.

பதிவு 12 – கொண்டலாம்பட்டி_தறிக்காரன்

அறுபதாயிரத்தையும் ஒரே பெட்டியில் போடுவதற்குப் பதிலாக, முப்பது முப்பதாக இரண்டு 10 அங்குலப் பெட்டிகளை வாங்கினால் என்ன?

பதிவு 13 – நாற்பது_ஹெர்ட்ஸ்

நல்ல கேள்வி, இதில் நான் உங்கள் பக்கம் பாதிதான் வருவேன். ஹர்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, எத்தனை சப்வூஃபர் எங்கெங்கே இருந்தால் எல்லா இருக்கைகளிலும் பேஸ் ஒன்றுபோல் கேட்கும் என்று ஆராய்ந்தார். எதிரெதிர்ச் சுவர்களின் மையத்தில் ஒவ்வொன்றாக இரண்டு வைத்தாலே பெரும் பலன் கிடைக்கிறது என்பது அதில் தெரிந்தது. நான்குக்கு மேல் போவதால் சொல்லத்தக்க ஆதாயம் இல்லை.

ஆனால் அந்த ஆதாயம் பல இருக்கைகளுக்கானது. அழகாபுரம் நண்பர் வீட்டில் ஒரே சோபா. அவருக்கு இன்றைய தேவை ஆழம். முப்பதாயிரம் ரூபாய் 10 அங்குலப் பெட்டிகள் இரண்டும் 35 ஹெர்ட்ஸிலேயே மூச்சு வாங்கினால், இரண்டாக இருந்தும் 25-ஐ அவை எட்டா. நல்லதாக ஒன்றை இப்போது வாங்கட்டும். 11 அடி அகலத்துக்கான ஒத்ததிர்வு 51 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அகலத்தில் அவர் நடுவிலேயே உட்கார்வதால் அங்கே ஒரு பள்ளம் இருக்கும். பின்னால் அதே மாடலில் இன்னொன்றை வலப்பக்கச் சுவரில் நேரெதிரே வைத்தால் அந்த ஒத்ததிர்வு எழாமலே போய்விடும். பழைய 8 அங்குலத்தைப் புதியதோடு சேர்த்து ஓட்டலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். துளைப் பெட்டியும் சீல் பெட்டியும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் தள்ளுவதில்லை.

பதிவு 14 – அழகாபுரம்_ரசிகன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சீல் செய்த 12 அங்குலம் ஒன்றையே வாங்கினேன். கையில் இருந்ததற்கு மேல் கொஞ்சம் போட வேண்டியிருந்தது.

பெட்டி வருவதற்கு முன் பத்து நாள்கள் பழைய 8 அங்குலத்தையே புதிய இடத்தில் வைத்துக் கேட்டேன். 'தொம் தொம்' முக்கால்வாசி போய்விட்டது. பேஸ் கிடாரில் விரல் மாறுவது முதன்முறையாகக் காதில் விழுந்தது. ஆனால் தறிக்கார அண்ணன் சொன்னதும் உண்மைதான். இரைச்சலும் ஊதலும் போன பிறகு, கீழே ஒன்றும் இல்லை என்பது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. கொஞ்சம் சத்தம் கூட்டினால் துளை வழியே 'புஸ்' என்று காற்று சீறியது.

புதியதை அதே நான்கு அடியில் வைத்தேன். முதல் நாள் ஹெலிகாப்டர் வரும் காட்சி ஒன்றில், சத்தம் என்று எதுவும் காதில் படுவதற்கு முன்பே சோபாவின் கைப்பிடி என் முழங்கையை மெல்லத் தள்ளியது. 50 ஹெர்ட்ஸ் பக்கம் சொன்னபடியே ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போதைக்கு அதோடு குடித்தனம் நடத்தலாம். கீழ்வீட்டுக்காரர் இரவு பத்து மணிக்கு மேல் தன் பூசையறைக் கதவு நடுங்குவதாகச் சொன்னதால், ரப்பர் பாதங்கள் வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தேன். தரை வழியாகப் போகும் அதிர்வு குறைந்தது, காற்று வழியே போவதற்கு ஒலியைக் குறைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பத்து மணிக்குள் படத்தை முடித்துவிடுகிறேன்.

ஒரே ஓர் ஐயம். பெட்டிக்கும் சோபாவுக்கும் உள்ள தூரம் நாடாவில் அளந்தால் எட்டரை அடி. ஆடிஸியோ 13 அடி என்று பதிவு செய்திருக்கிறது. திருத்திவிடலாமா?

பதிவு 15 – நாற்பது_ஹெர்ட்ஸ்

கை வைக்காதீர்கள். ஆடிஸி நாடாவால் அளக்கவில்லை, ஒலி வந்து சேரும் நேரத்தை அளக்கிறது. புதிய பெட்டிக்குள் இருக்கும் டிஎஸ்பி என்ற டிஜிட்டல் சில்லு ஒலியைச் சீர்செய்து அனுப்ப நான்கு மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் ஒலி நாலரை அடி போய்விடும் என்பதால் அதையும் தூரமாகக் கூட்டிச் சொல்கிறது. எட்டரை என்று மாற்றினால் 80 ஹெர்ட்ஸில் முன் ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் முன்பின்னாகப் பேசத் தொடங்கிவிடும். 13 என்றே இருக்கட்டும்.